மிதிப்பவர் யார்?

கெய்ரோவில் பெடலை மிதிக்கத் தொடங்கி கேப் டவுனில் காலை ஊன்றும் 'டூர் டி ஆப்ரிக்' நெடும்பயணம் 2003 முதல் நடந்து வருகிறது. மலாவி, ஜாம்பியா, போட்ஸ்வானா என்று ஆப்பிரிக்காவின் தென்பாதியைச் சைக்கிளிலேயே கடக்கும் ஆசையை அது பலருக்கு ஊட்டியது. அந்த ஆசையோடு தொண்டும் சேர்ந்துகொண்டது. சில வாரம் சைக்கிள் ஓட்டுவது, நடுவில் ஒரு கிராமத்தில் தங்கிப் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பது, பிள்ளைகளுக்கு நாலு நாள் ஆங்கிலம் சொல்லித் தருவது என்று இதற்கு ஒரு வடிவமும் வந்துவிட்டது. போகிறவர்களின் மனதைக் குறை சொல்ல எனக்கு எண்ணமில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு ஊருக்கு மிஞ்சுவது என்ன என்றுதான் கேட்கிறேன். கிராமத்துக்குத் தேவைப்படுவது வந்தவரின் உழைப்பு அல்ல, அவர் ஏறி வந்த வண்டி என்பதே என் முடிவு.

அந்தக் கிராமங்களில் வேலை செய்யக் கைகளுக்குப் பஞ்சமில்லை. சுவர் பூசத் தெரிந்தவர் அங்கேயே இருக்கிறார், கூலிதான் கிடைப்பதில்லை. உண்மையான தட்டுப்பாடு தூரத்தைக் கடக்கும் வசதிக்குத்தான். ஏழரை லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த ஜாம்பியாவில் மக்கள் ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர்தான். வீடுகள் எட்ட எட்டச் சிதறிக் கிடக்கின்றன. பள்ளி, மருந்தகம், சந்தை எல்லாமே நடைதூரம், அதுவும் நெடுநடை. அந்த நாட்டின் தொண்டர் படை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. எய்ட்ஸ் நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனித்தவர்கள் அதே ஊர்களின் சம்பளமில்லாத் தொண்டர்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கிய 'வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்' அமைப்பு, அடுத்து ஜாம்பியாவுக்குப் போனபோது செய்த முதல் பெரிய காரியம், இந்தத் தொண்டர்களுக்குச் சுமார் 23,000 சைக்கிள்களைக் கொடுத்ததுதான். நடந்தே போகிறவர் ஒரு நாளில் பார்க்கக்கூடிய வீடுகள் சில. சக்கரம் கிடைத்ததும் அதே மனிதர், அதே அக்கறையோடு, பல வீடுகளை எட்டிவிடுகிறார்.

மாணவியர் விஷயத்தில் இதற்கு அளந்தெடுத்த சான்றே இருக்கிறது. பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வசிக்கும் ஜாம்பியச் சிறுமிகளுக்குச் சைக்கிள் கொடுத்து ஆராய்ந்தபோது, பள்ளிக்கு வராத நாட்கள் 28 சதவீதம் குறைந்தன. வழியில் கழியும் நேரமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. பீகாரின் மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர் நிஷித் பிரகாஷ் இந்த ஆய்விலும் இருந்தார். பள்ளி மாணவிக்குச் சைக்கிள் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. சுவருக்கு அடித்த வெள்ளை எந்தப் பிள்ளையையும் வகுப்புக்குக் கூட்டி வந்ததாக இப்படியொரு கணக்கு என் கண்ணில் பட்டதில்லை.

வெளியாள் வந்து பார்க்காவிட்டால் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்ணால் கண்டவரே கைதிறந்து கொடுப்பார். ஆனால் அது அவரைப் பார்வையாளராக ஆக்குகிறதே தவிர, கொத்தனாராகவோ ஆசிரியராகவோ ஆக்கிவிடாது. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: இலவசமாகக் கொட்டினால் உள்ளூர்த் தொழில் படுத்துவிடாதா? ஜாம்பியாவில் 'சலாவுலா' என்று மூட்டை மூட்டையாக வந்திறங்கிய பழைய துணி, அங்கிருந்த நெசவாலைகள் நசிந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது இதற்காகத்தான். உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் இல்லாத ஊரில் இறக்கிய சைக்கிள் ஆறு மாதத்தில் பழைய இரும்பு. 'வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்' கொடுக்கும் 'பஃபலோ' சைக்கிளின் அடிப்படை மாதிரியில் கியர் இல்லை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டி நிற்கும். கேரியர் நூறு கிலோ தாங்கும். ஊர் மெக்கானிக்கின் கைக்கு அடங்கும்படி செய்த வண்டி அது. மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி உண்டு, சைக்கிளை விலைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. மலாவியில் 'கபாசா' என்னும் சைக்கிள் டாக்ஸி எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. சைக்கிளின் அருமையை அந்த மக்களுக்கு யாரும் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். விருந்தாளியாகப் போங்கள். தங்கும் இடத்துக்கும் உண்ணும் 'ந்ஷிமா' என்னும் மக்காச்சோளக் களிக்கும் ஒட்டும் பஞ்சருக்கும் கேட்ட காசைக் கொடுங்கள். சுவரைக் கொத்தனாரிடம் விட்டுவிட்டு, அவர் கூலிக்குப் பணம் தாருங்கள். திரும்பும்போது உங்கள் சைக்கிளைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. விமானச் செலவில் ஒரு பங்கையாவது ஒதுக்கி, அங்கே ஓடக்கூடிய ஒரு சைக்கிள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் கைக்குப் போய்ச் சேர வழிசெய்யுங்கள்.