எமது ஆசிரியரின் கல்லறை

சைவர் இறந்தாரைத் தகனஞ் செய்தலே முறை என்று யாழ்ப்பாணத்து அன்பர் சிலர் எம்மிடங் கூறுவதுண்டு. மட்டக்களப்பு நாட்டின் வழக்கு முற்றும் அஃதன்று. இங்கே இந்துக்களிற் பலரை மண்ணிலேயே அடக்கஞ் செய்கின்றோம். துறவியரைச் சமாதி வைத்தலோ எங்குமுள்ளது. 1947 ஆம் ஆண்டு யூலை 19 ஆம் நாள் கொழும்பில் மறைந்த விபுலானந்த அடிகளுக்குக் கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி அமைந்தது. இறைவன் விரும்பும் மலர் யாதென வினவி அவர் இயற்றிய பாடலே அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. அடிகளை நினைப்பார் பலருளர். பெயர் பரவாத ஆசிரியர் ஒருவரின் கல்லை யார் நினைப்பார்?

எமக்குக் கணிதம் கற்பித்த பெருந்தகையின் கல்லறை கடலோர மயானமொன்றில் உள்ளது. கல்லூரி விழாவினை முன்னிட்டு மாலை சாத்தச் சென்ற யாம் அவர் பெயரையே வாசிக்க இயலாது நின்றோம். பளிங்குக் கல் கறுத்துப் பாசி படர்ந்திருந்தது. யாரோ ஓர் அன்பர், நல்லெண்ணத்துடனேயே, எழுத்துக்களின்மேல் எண்ணெய் வர்ணமும் பூசியிருந்தார்.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் செய்தி அறிந்தவுடன் பணம் அனுப்ப முன்வந்தனர். பழைய கல்லை அகற்றிக் கருங்கல் நாட்டுக என்பது அவர் கருத்து. எம்மிற் சிலர் இசைந்தனர், பலர் மறுத்தனர். அக்கல் அவருடைய மனைவியார் தம் சிறுசேமிப்பிலிருந்து வைத்தது. அதனைப் பெயர்த்தெறிய எமக்கு உரிமை ஏது? இரு மாலைகள் வாதிட்டபின், முதலிற் கழுவிப் பார்ப்போம் என முடிவாயிற்று.

புளியும் தேசிக்காயுங் கொண்டு தேய்க்கலாம் என ஒருவர் மொழிந்தார். பித்தளைக் குத்துவிளக்கிற்கு அது தகும், பளிங்கிற்கு நஞ்சு. பளிங்கு சுண்ணாம்பின் இனமாதலாற் புளிப்பு அதனைக் கரைத்துவிடும். கம்பித் தூரிகையும் வெளிற்றும் மருந்துகளும் அவ்வாறே ஆகா. வாவியை அண்டிய கிணறுகள் பலவற்றின் உவர்நீரும் உதவாது. கடற்காற்றுக் கொணரும் உப்பு கல்லின் நுண்துளைகளிற் புகுந்து, நீர் உலருங்கால் மணியாகத் திரண்டு உள்ளிருந்தே கல்லை உதிர்க்கின்றது. அவ்வுப்பை நாமே மேலும் ஊற்றலாமா? ஆகவே நன்னீரை வண்டியிற் கொண்டு சென்றோம்.

கல்லை நன்கு நனைத்து, பாசியை மூங்கிற் சீவலால் மெல்ல நீக்கி, மென்மையான தூரிகையாற் கீழிருந்து மேலாகத் தேய்த்தோம். மேலிருந்து தொடங்கின் அழுக்குநீர் உலர்ந்த பகுதியில் வழிந்து கோடிடும். வர்ணத்தைச் சுரண்டவில்லை, தானே பெயர்ந்த செதில்களை மட்டுமே எடுத்தோம். அடியில் விண்டிருந்த இடத்திற் சீமெந்து பூசாது சுண்ணாம்புச் சாந்திட்டோம். இறுகிய சீமெந்து ஈரத்தை அடைத்து மென்கல்லைப் பிளக்கும். முன்னோர் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தனர். இன்று கரையோரத்தில் முருகைக்கல் அகழ்தல் தடைசெய்யப்பட்டுள்ளது, அது நன்றே. கடைச் சுண்ணாம்பே போதியதாயிற்று.

மூன்றாம் ஞாயிறன்று ஓர் இளைய மாணவன் முகம்பார்க்குங் கண்ணாடியைக் கொணர்ந்து, வெயிலைக் கல்லின் பக்கவாட்டிலே சாயப் பாய்ச்சினான். மங்கிய பள்ளங்களில் நிழல் விழவே, பெயர் எழுந்தது. அதன் கீழே பிறந்த ஆண்டும் எழுந்தது. மறைந்த ஆண்டின் ஈற்றிலக்கம் அழிந்தே போயிற்று. அதனை ஊகித்துச் செதுக்க வேண்டாமென விட்டுவிட்டோம்.

இம்மாவட்டத்தில் இறந்தார் நினைவு எளிதிற் கரைகின்றது. 1814 இல் இங்கு வந்து பள்ளி நிறுவிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் மறு ஆண்டே இம்மண்ணில் மறைந்தார். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் எமது கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலோடு மாண்ட மாலுமியருக்குக் கடலே கல்லறை. 1978 இன் சூறாவளியும் 2004 இன் ஆழிப்பேரலையும் கரையோரத்தையே உருமாற்றின.

வெளிநாட்டு அன்பர் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி தூரிகைகளுக்குஞ் சாந்துக்கும் ஆயிற்று. மிகுதியில் ஆசிரியரின் முழுப்பெயரும் பணிக்காலமும் பொறித்த சிறு கருங்கற் பலகையொன்றைக் கல்லறையின் அருகே, பழைய கல்லைத் தொடாது, நாட்டினோம். அடுத்த துப்புரவு மாரி மழை ஓய்ந்தபின் நடைபெறும். வர விரும்புவோர் தூரிகை கொணரத் தேவையில்லை, நன்னீர் கொணரின் நலம்.