பெட்டா, பெல்ட்டா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ஒரு லீவ் லெட்டர்கூட எழுதினது கிடையாது. எழுத்துப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க. ஆனா இதை எங்க அப்பத்தா படிக்கணும், அதனால தமிழ்லதான் எழுதணும்.

போன மே மாசம் குடும்பத்தோட வாகமன் போனோம். 2021-ல கேரள அரசு கேரவன் சுற்றுலாவை ஆரம்பிச்சதுல இருந்தே எங்க அப்பாவுக்கு அந்த ஆசை. மதுரையில ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தார். சினிமா ஹீரோ மேக்கப் போடுற வண்டின்னு நினைச்சுக்காதீங்க. சோபா, கட்டில், கிச்சன், பாத்ரூம்னு ஒரு குட்டி வீடே சக்கரத்து மேல நிக்கும். மோட்டார்ஹோம்.

டிரைவர் அண்ணனை விட்டுட்டா நாங்க ஏழு பேர். பெல்ட் இருந்த சீட் நாலு. "இவ்ளோ பெரிய வண்டிடா, நமக்கு என்ன ஆகப்போகுது"ன்னார் அப்பா. அப்பத்தா பின்னாடி கட்டில்ல படுத்துட்டாங்க. சித்தி பசங்க ரெண்டு பேரும் சைடு சோபாவுல. மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற நான், பெல்ட் இருக்கிற சீட்ல உக்காந்து ரீல்ஸ் பார்த்துட்டு வந்தேன்.

உத்தமபாளையம் தாண்டினதும் திடீர்னு ஒரு ஆட்டு மந்தை ரோட்டுக்கு வந்துச்சு. அண்ணன் பிரேக்கை அமுக்கினார். வண்டி எதுலயும் மோதல. ஒரு ஆட்டுக்கும் அடி இல்ல. ஆனா உள்ள? மேல் அலமாரி திறந்து டப்பாவெல்லாம் கொட்டுச்சு. குக்கர் உருண்டு டிரைவர் சீட் வரைக்கும் போச்சு. சின்னவன் சோபாவுல இருந்து வழுக்கி என் சீட் முதுகுல முட்டினான். அப்பத்தா கட்டில்ல இருந்து தரையில. வலது கையை ஊனினதுல மணிக்கட்டு எலும்புல விரிசல். கம்பத்துல மாவுக்கட்டு போட்டோம். "வந்தது வந்தாச்சு, திரும்பக் கூடாது"ன்னு அப்பத்தாவே சொன்னதால பயணம் தொடர்ந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. வெறும் பிரேக்குக்கே இதுன்னா, நிஜமாவே மோதியிருந்தா? போன்ல கால்குலேட்டரைத் திறந்தேன்.

முதல்ல அப்பா பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிடறேன். 4 டன் கேரவனும் 1 டன் காரும் ஆளுக்கு 50 கி.மீ. வேகத்துல நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கிட்டா, ரெண்டும் சேர்ந்து கேரவன் போன திசையில 30 கி.மீ. வேகத்துல நகரும். அதாவது கேரவனோட வேகம் 20 கி.மீ. மாறுது, காரோட வேகம் 80 கி.மீ. மாறுது. எடை காப்பாத்துது, உண்மைதான். ஆனா எதிர்ல வர்றது லோடு ஏத்தின லாரியா இருந்தா கணக்கு அப்படியே தலைகீழ். புளியமரமா இருந்தா எடையால ஒரு பிரயோஜனமும் இல்ல.

அடுத்து, வண்டியோட உடம்பு. கார்ல முன்பக்கம் நசுங்குறதுக்குன்னே டிசைன் பண்ணியிருப்பாங்க. நடுவுல நாம இருக்கிற கூடு நசுங்கக் கூடாது. மோட்டார்ஹோம்ல அது வகைக்கு வகை மாறும். கம்பெனி வேனோட இரும்பு பாடியை அப்படியே வச்சு உள்ள மட்டும் வீடு கட்டினா, அந்தப் பாடியோட பலமாவது மிஞ்சும். கேபினை மட்டும் வச்சுக்கிட்டு பின்னாடி தனியா ஒரு பெட்டி கட்டுற வகையில, கேபின் பலமா இருக்கும். பின்னாடி பெரும்பாலும் ஃபைபர், ஃபோம், பிளைவுட் சேர்த்து ஒட்டின சுவர்தான். வெயில், மழை, குளிரைத் தாங்கும். லாரியைத் தாங்குமா? வெறும் சேஸிஸ் மேல முழுசா பாடி கட்டுற பெரிய பஸ் மாதிரி வகையில, பல வண்டியில டிரைவருக்கு முன்னாடி நசுங்க இடமே ரொம்பக் கம்மி. போதாததுக்கு எல்லாமே உயரமான வண்டி, வளைவுல கவிழ வாய்ப்பு அதிகம்.

"ஸ்டார் ரேட்டிங் பார்த்து எடுக்கலாமே"ன்னு கேப்பீங்க. 2023 அக்டோபர்ல ஆரம்பிச்ச பாரத் என்கேப், 3.5 டன் வரைக்கும் உள்ள கார் வகை வண்டிகளுக்குத்தான். எங்க கேரவன் அதுக்கு மேல.

கடைசிக் கணக்குதான் என்னை உலுக்குச்சு. 60 கி.மீ. வேகத்துல மோதுறது, சுமார் 14 மீட்டர் உயரத்துல இருந்து விழுறதுக்குச் சமம். நாலு மாடி. பெல்ட் போட்டவங்க வண்டி நசுங்குற தூரத்தையும் சேர்த்துக்கிட்டு நிக்கிறாங்க. பெல்ட் இல்லாதவங்க எதிர்ல இருக்கிற அலமாரி வரைக்கும் அதே 60-ல போறாங்க. "குழந்தையை மடியில வச்சுப் பிடிச்சுக்கறேன்"னு சித்தி சொன்னாங்களே, 20 கிலோ பையன், 60 சென்டிமீட்டர் தூரத்துல நின்னாகணும்னா, கை தாங்க வேண்டிய விசை கிட்டத்தட்ட 470 கிலோ எடைக்குச் சமம். எந்தச் சித்தியாலயும் முடியாது.

அதனால, வண்டி பெருசா சின்னதாங்கிற கேள்வி ரெண்டாவதுதான். ஓடும்போது நீங்க அதுக்குள்ள எங்க, எப்படி இருக்கீங்க? முன்னாடி பார்த்த சீட், பெல்ட். அது எத்தனையோ, அத்தனை பேருக்குத்தான் அந்த வண்டி. கட்டிலும் சைடு சோபாவும் வண்டி நின்னப்புறம். கேரவன் புக் பண்ணும்போது எத்தனை பெட்னு எல்லாரும் கேக்கறோம். எத்தனை பெல்ட்னு கேளுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அலமாரியைப் பூட்டுங்க, குக்கரைக் கீழ்த்தட்டுல வைங்க.

இதெல்லாம் எனக்கு மதுரையிலயே தெரியும். மூணு வருஷமா எக்ஸாம்ல எழுதினதுதான். அப்பா முன்னாடி வாயைத் திறக்கத்தான் தைரியம் வரல.

காலையில அப்பாகிட்ட போன் ஸ்கிரீனைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். எதுவும் சொல்லாம போய் ஒரு கார் பேசினார். திரும்பும்போது அப்பா, அம்மா, நான் கார்ல, மூணு பேரும் பெல்ட் போட்டு. கேரவன்ல அந்த நாலு சீட்ல அப்பத்தா, சித்தி, பசங்க.

மாவுக்கட்டுக் கைக்கு இடிக்காம நான்தான் அப்பத்தாவுக்கு பெல்ட் மாட்டிவிட்டேன். "என்னடா இது, மாட்டைக் கட்டுற மாதிரி கட்டுற"ன்னாங்க.

"ஆமா அப்பத்தா, போன தடவை கட்ட மறந்துட்டேன்."