மொட்டை மாடிக்கு எந்தத் தளம்?

சென்னையின் மேற்குப் புறநகரில் வெயிலை முதலில் வாங்குவது வீட்டின் மொட்டை மாடிதான். கடற்காற்று மயிலாப்பூரில் நண்பகலுக்கே எழுந்துவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அது வந்து சேரப் பொழுது சாயும். சில நாட்களில் வராமலே போகும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. மழையும் லேசுப்பட்டதல்ல. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்வதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வெறும் கான்கிரீட் தளம் மே மாதத்தில் விரிந்து, மழையில் சுருங்கி, சில ஆண்டுகளில் மயிரிழையாக வெடிக்கும். அந்த வழியாக நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், கூரையின் அடிப்பூச்சு கட்டிலின் மேல் உதிரும். அதனால் தளத்தின் மேல் ஒரு காப்பு அடுக்கு கட்டாயம் வேண்டும்.

சந்தையில் கிடைப்பவற்றில் மரத்தளம் இந்த ஊருக்கு ஆகாது. தேக்கும் வெயிலில் நரைக்கும். ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைக் கறையான் தொடாது. ஆனால் அது சூட்டில் நீளும், இடைவெளி விடாமல் பொருத்தினால் வளைந்து எழும்பும், அடர்நிறமானால் மதியத்தில் கால் வைக்க முடியாது. கடப்பா கல்லும் அப்படித்தான். வெள்ளை டைல் வெயிலைத் திருப்பியடிப்பதால் கீழ் அறையில் வெப்பம் குறைவது உண்மை. உடைந்த பீங்கான் துண்டுகளைப் பதிக்கும் பழைய சைனா மொசைக்கும் அதே வேலையைச் செய்தது. ஆனால் வழவழப்பான டைல் மழையில் வழுக்கும். லாரிகள் ஓடும் சாலையோரம் என்றால், புழுதி படிந்து அதன் வெண்மையும் மங்கும். கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பழையது, இன்னும் நம்பகமானது, செங்கல் ஜல்லியின் மேல் தட்டோடு பதிப்பது. இதன் மூல வடிவம் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய கூரை முறை. மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளில் தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, ஓடு பதித்தார்கள். விட்டம் போய்க் கான்கிரீட் வந்த பிறகும் மேலடுக்கு மட்டும் மாறவில்லை. தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் கணக்கில் 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரை பங்கு, மணல் கிடையாது. கனம் 75 மில்லிமீட்டர். அதன் மேல் ஒன்பது அங்குலச் சதுர அழுத்த ஓடு. வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது மழைநீர்க் குழாயை நோக்கி இருக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால் அந்த நீர் வீணாவதில்லை.

செங்கல்லின் நுண்துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை மெதுவாகவே கீழே விடும். சிமென்ட் விறைப்பானது, சுண்ணாம்பு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். மெல்லிய விரிசல் விழுந்தாலும் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து அதை அடைத்துக்கொள்ளும். ஒரு குறை, எடை: ஜல்லி அடுக்கு மட்டுமே சதுர மீட்டருக்கு 140 கிலோவைத் தொடும். பலவீனமான பழைய தளத்தில் இதை ஏற்றக்கூடாது.

இத்தனைக்கும் உயிர் கொடுப்பது ஒரு மரக்கட்டை. ஒரு முழத்துக்குக் குறைவான நீளம், பிடி ஒரு பக்கம், தட்டையான அடி மறு பக்கம். வேறு எதுவும் இல்லை. ஜல்லியைப் பரப்பியதும் சித்தாட்கள் வரிசையாக உட்கார்ந்து, பின்னால் நகர்ந்தபடி நாள் கணக்கில் தட்டுவார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது பழைய முறை. முதல் நாள் கட்டை பொத்தென்று விழும். ஜல்லி இறுக இறுக ஒலி கணீரென்று மாறும், கட்டையின் தடம் பதியாது. மேஸ்திரி அந்த ஒலியைக் கேட்டுத்தான் நிறுத்தச் சொல்வார். ஆவடியை அடுத்த ஒரு வீட்டில் கட்டுரையாளர் பார்த்த வேலையில் கட்டையே இல்லை. சிமென்ட் கலந்த ஜல்லியைக் காலையில் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, மறுநாளே ஓடு பதித்தார்கள். கட்டை தட்டத் தெரிந்த இரண்டு பெண்கள் அங்கே ஓடு சுமந்துகொண்டிருந்தார்கள்.

காரணம் கூலி முறை. வீட்டுக்காரர் சதுர அடிக் கணக்கில் கொடுப்பது ஒப்பந்ததாரருக்கு. அவர் நாள் கூலி கொடுப்பது சித்தாளுக்கு. நான்கு நாள் தட்டினால் அவருடைய இலாபம் போகிறது, தட்டாவிட்டால் ஐந்து வருடம் கழித்து வீட்டுக்காரரின் கூரை ஒழுகுகிறது. அப்போது பழி ஓட்டின் தலையில் விழும். ஒப்பந்ததாரர் வேறு ஊரில் இருப்பார். செங்கல்லின் கதை இதைவிடக் கொடியது. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் குடும்பத்தோடு வந்தவர்களைக் கொத்தடிமைகளாக மீட்ட சம்பவங்கள் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976இல். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் தரகரின் தொழில் அதற்குப் பின்னும் நிற்கவில்லை. செங்கல்லுக்குப் பேரம் பேசும்போது குறையும் ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் யார் தட்டிலிருந்து போகிறது என்பதை வாங்குபவர் கேட்பதே இல்லை.

வீடு கட்டுபவர்கள் மூன்று காரியங்களை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: ஜல்லி போடும் முன் தளத்தில் ஒரு நாள் நீர் தேக்கிச் சோதிக்க வேண்டும், ஜல்லி சுண்ணாம்பில்தான் போட வேண்டும், கட்டை தட்டும் கூலியைச் சதுர அடியோடு சேர்க்காமல் தனியாக, நாள் கணக்கில், உங்கள் கையால் கொடுப்பீர்கள். வேலையைப் பங்குனி, சித்திரையில் தொடங்கினால் மழைக்கு முன் தளம் நன்றாகக் காய்ந்துவிடும்.