ஒட்டு விடவில்லை

மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் நான். பேத்தியின் திருமணத்தை முன்னிட்டு, என் முன்பல் ஒன்றுக்குச் சிர்க்கோனியா உறை போடுவித்தேன். திருமணம் முடிந்து இரண்டு மாதம் செல்லவில்லை. முறுக்கொன்றைக் கடித்தபோது உறையின் ஓரத்திலிருந்து ஒரு சில்லுத் தெறித்து விழுந்தது.

அவ்வுறையைச் செய்தவன் எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த இளைஞன். "தம்பி, நீ பூசிய பீங்கான் ஒட்டவேயில்லை. இதுவும் ஒரு வேலையா?" என்று தெருவில் நின்று பலரும் கேட்கக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறாது தலைகுனிந்து சென்றான்.

என் பழைய மாணவர் ஒருவர் இன்று பல் வைத்தியர். அவர் உடைவைப் பூதக்கண்ணாடியால் நோக்கிவிட்டு, "சேர், ஒட்டு விடவில்லை. உட்கூட்டின்மேல் பீங்கானின் மெல்லிய படலம் இன்னும் பற்றிக்கொண்டே இருக்கிறது. பிளந்தது பூச்சுத்தான்" என்றார். பின்னர் அதன் காரணத்தையும் விளக்கினார்.

சிர்க்கோனியாவின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1789இல் பெர்லின் நகர இரசாயன அறிஞர் கிளப்ரோத், இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கல்லை ஆராய்ந்தே அதனைக் கண்டறிந்தார். மாத்தறை வைரம் என்று பெயர்பெற்ற கல்லும், புல்மோட்டை மணலிற் கலந்துள்ள கனிமங்களுள் ஒன்றும் அச்சிர்க்கோனே. சிர்க்கோனியாவாற் செய்த உட்கூடு மிக வலியது. ஆயினும் வெண்மை மிகுந்து உயிரற்றுத் தோன்றும். ஆதலால், இயற்கைப் பல்லின் சாயல் பெறுவதற்காகக் கண்ணாடித்தன்மை மிகுந்த பீங்கானை அதன்மேற் பூசி, ஏறத்தாழ 750 முதல் 900 பாகை வரையான வெப்பத்திற் சுடுகிறார்கள்.

சூட்டில் விரிந்த இரண்டும் ஆறும்போது சுருங்கும். பூச்சு உட்கூட்டைவிடச் சற்றே குறைவாகச் சுருங்குவதாயின், ஆறியபின் அது சிறிது அமுக்கப்பட்டு நின்று விரிசலை எதிர்க்கும். ஆனால் சிர்க்கோனியா வெப்பத்தை எளிதிற் கடத்தாது. உலையிலிருந்து விரைந்து எடுத்தால் பூச்சின் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உட்புறம் பிந்திச் சுருங்கும். அந்த இழுபறி பூச்சினுள் மறைந்து கிடக்கும். பின்னர் ஒரு கடி போதும்.

"விரைவாக ஆறியது காரணமாயிருக்கலாம், உங்கள் முறுக்கும் துணைசெய்திருக்கலாம்" என்று சிரித்தார் வைத்தியர்.

அன்று மாலையே அவ்விளைஞனைத் தேடிச் சென்றேன். "தம்பி, உன் ஒட்டு விடவில்லை. அறியாமற் பேசிவிட்டேன்" என்றேன். அவன் சற்றுத் தயங்கினான். "மாஸ்டர், அன்று நீங்கள் வாசலில் வாகனத்தை நிறுத்திவிட்டு அவசரப்படுத்தினீர்கள். இன்னும் சில நிமிடம் உலையில் ஆறவிட்டிருக்க வேண்டும். உங்களுக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றான்.

வகுப்பறையிற் பல்லாண்டுகள் பொறுமையைப் போதித்தவன் நான். ஆனால் சில நிமிடம் பொறுக்க எனக்கு இயலவில்லை. அந்தப் பழியையும் அவன்மேற் போட்டேன்.

புதிய உறையை அவனே செய்தான். அது உலையில் ஆறும்வரை அவனுடைய கூடத்து வாங்கில் ஒன்றும் பேசாது அமர்ந்திருந்தேன்.