பழமா, மூட்டையா

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் 'இன்னிக்கு வரத்து எவ்வளவு?' என்று கேட்டால், எண்ணுவது பழத்தையா மூட்டையையா என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ரத்தத்தில் அடிபோனெக்டின் அளக்கிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். கொழுப்புத் திசு சுரக்கும் இந்த ஹார்மோன் 1995-ல் தெரியவந்தது. 244 அமினோ அமிலங்கள், சுமார் 30 கிலோடால்டன். ஆனால் ரத்தத்தில் அது ஒற்றையாக ஓடுவதில்லை. மும்மூன்றாக, ஆறாறாக, அதற்கும் மேல் பெருங்கொத்தாகக் கட்டிக்கொண்டு ஓடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதோடு கூடுதலாக ஒத்துப்போவது பெருங்கொத்துதான் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளக்கப் பயன்படுத்தும் ஆன்டிபாடி எந்த வடிவத்தைப் பிடிக்கிறது என்று தெரியாதவரை, கையில் இருக்கும் எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான்.

வெஸ்டர்ன் பிளாட்டில் இது கண்ணுக்கே தெரியும். சீரத்தை மெர்காப்டோஎத்தனால் சேர்த்துக் கொதிக்கவைத்து ஜெல்லில் ஓட்டினால், 30-க்குப் பக்கத்தில் ஒரே பேண்ட், பார்க்க அழகாக இருக்கும். அதே சீரத்தைச் சூடாக்காமல், மெர்காப்டோஎத்தனாலும் இல்லாமல் ஓட்டினால் மேலே ஏணிப்படி போலப் பல பேண்டுகள். முதல் படத்தில் மூட்டை பிரிந்து பழங்கள் மட்டும் கிடக்கின்றன. சிறு பெப்டைடைக் காட்டி உருவாக்கிய ஆன்டிபாடி அவிழ்ந்த புரதத்தில் பளிச்சென்று ஒட்டும்; மடிந்த புரதத்தில் அந்தப் பகுதி உள்ளே மறைந்திருந்தால் எலைசாவில் கைவிரிக்கும். போதாததற்கு, கொழுப்புத் திசுவின் இன்னொரு ஹார்மோனான லெப்டின் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு, அடிபோனெக்டின் மைக்ரோகிராம் கணக்கு. லெப்டின் பழக்கத்தில் நீர்க்காமல் சீரத்தை விட்டால் கிண்ணம் நிறைந்து, எல்லா நோயாளிக்கும் ஒரே அளவு போலத் தெரியும்.

'மொத்த அளவு போதாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடிபோனெக்டின் குறைவாக இருப்பது இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதை முன்கூட்டியே காட்டுகிறது என்று சென்னையிலிருந்து ஸ்நேகலதா, ராமச்சந்திரன் குழுவினர் 2003-லேயே டயாபடிஸ் கேர் இதழில் எழுதினார்கள். 2005-ல் மோகன் குழுவினரின் கியூர்ஸ் ஆய்வு, மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் அது குறைந்திருப்பதைச் சொன்னது. ஒரே முறையில் எல்லாரையும் அளந்து இவருக்கு அதிகம், அவருக்குக் குறைவு என்று ஒப்பிடும்போது மொத்த எண் நன்றாகவே உழைக்கிறது. சென்னை எண்ணையும் வேறொரு கிட்டில் வந்த எண்ணையும் ஒரே அட்டவணையில் போடும்போதுதான் கணக்கு உதைக்கிறது. 'கம்பெனியே சோதித்துத்தானே விற்கிறது' என்பார்கள். அவர்கள் சோதித்தது அவர்களுடைய மாதிரியில், அவர்களுடைய முறையில். அடிபோனெக்டின் மரபணு நீக்கிய எலியின் சீரத்திலும் பேண்ட் வந்தால் எலி அடிபோனெக்டினுக்கான அந்த ஆன்டிபாடியை ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். மனித சீரத்துக்கு அந்த வசதி இல்லை. ஆன்டிபாடியைத் தூய்மையான புரதத்தோடு முன்கூட்டியே கலந்து பேண்ட் மறைகிறதா என்று பார்க்கலாம். அதுவும் அரைச் சான்றுதான். ஆகவே குளோன் பெயர், லாட் எண், எத்தனை மடங்கு நீர்த்தோம், சூடாக்கினோமா இல்லையா: நான்கையும் நோட்டில் எழுதிவைக்கிறோம். லாட் மாறினால் பழைய சீரத்தையே எடுத்து மறுபடியும் ஓட்டுகிறோம்.