காசு கரைவதற்குள் கடிதம்
தாராவியின் 90 அடி சாலையில் இன்று இட்லிக் கடைக்காரர் கையிலும் இணையம். அன்று நிலைமை வேறு. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். மும்பையில் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. மோடம் கீச்சிட்டு முடித்தால்தான் இணைப்பு. அது இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வராது. பிறகு மாட்டுங்கா, செம்பூர் பக்கமெல்லாம் சைபர் கஃபே. மணிக்கணக்கில் கட்டணம். தமிழில் எழுதினால் இரு முனையிலும் ஒரே எழுத்துரு வேண்டும். இல்லையேல் வெறும் கிறுக்கல். அப்படியும் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காகப் பல நாட்டுத் தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைக் கூலி வாங்காமல் தட்டச்சு செய்தார்கள். இன்று எழுத்துருத் தொல்லை இல்லை, காத்திருப்பும் இல்லை. சொல்ல வேண்டியதை யோசித்து வைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பழக்கமும் கூடவே போய்விட்டது.