ஈயக்குட்டையில் ஒரு பள்ளிக்கூடம்

பத்து காஜா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கெல்லி கோட்டைதான். ரப்பர்த் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றுபோன மாளிகை. சற்றுத் தள்ளி, அவருடைய தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில். அதன் கூரையில் சாமி சிலைகளோடு தொப்பி போட்ட துரையும் நிற்கிறார். அதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பிவிடுவோம்.

அப்படித் திரும்பாமல் தெற்கே தஞ்சோங் துவாலாங் பக்கம் போய்ப் பாருங்கள். சாலையின் இருபுறமும் குளங்கள். எல்லாம் பழைய ஈயக்குட்டைகள். 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஈயம் தோண்டிய மிதவைக் கப்பல் ஒன்று இன்று காட்சிப்பொருளாக அங்கே நிற்கிறது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆட்கள் போனார்கள். குழிகளில் மழைநீர் நிறைந்தது, கரையில் புதர் மண்டியது, கொக்குகளும் நாரைகளும் வந்து கூடு கட்டின. அந்தக் குளங்களில் ஒரு பகுதிதான் இன்று கிந்தா இயற்கைப் பூங்கா என்று அழைக்கப்படுகிறது.

நம் நாட்டில் கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் சென்ற பள்ளி விடுமுறையில் சில ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் குளங்களின் ஓரம் மூன்று நாள் வனவிலங்குக் களப்பள்ளி நடத்தினார்கள். வானொலி நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவு செய்ய நானும் போயிருந்தேன்.

முதல் பாடம் எண்ணுவது. ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு மீதியைக் கணக்கிட வேண்டும். நேரம், வானிலை இரண்டையும் குறிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பெயர் எழுதக் கூடாது. இதே முறையில்தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் நடக்கிறது. அதில் பெரும்பாலும் எண்ணுகிறவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்.

மாலை ஆறே முக்கால் இருக்கும். பகலெல்லாம் வயலில் மேய்ந்த வெள்ளைக் கொக்குகள் வரிசையாகக் குளத்துத் திட்டுக்குத் திரும்பின. அதே நேரத்தில் அங்கிருந்து சாம்பல் நிறப் பறவைகள் ‘குவாக்’ என்று கத்திக்கொண்டு வெளியே பறந்தன. “ஷிப்டு மாறுதுங்க அக்கா!” என்றான் ஒரு பையன். மலாயில் அந்தப் பறவைக்குப் பெயரே ‘புச்சோங் குவாக்’. தமிழில் என்ன என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் படிவ மாணவி ஒருத்தி அந்தக் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, புந்தோங்கில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது. “அட, வக்கா! தோட்டத்துல விடிகாலை இருட்டுல இது கத்திக்கிட்டுத் திரும்பும். அந்த நேரத்துலதான் நாங்க பால் வெட்டக் கெளம்புவோம்.” அப்புறம் பேச்சு நிற்கவில்லை. எந்த ஆற்றோரம் உடும்பு கிடக்கும், எந்த மரத்தில் இருவாச்சி வந்து உட்காரும், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதும் எதெல்லாம் காணாமல் போனது என்று அந்தப் பாட்டி சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து எழுதினார்கள். என் நிகழ்ச்சிக்குக் கிடைத்த நல்ல பதிவு அதுதான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் குடும்பங்கள் நகரத்துக்கு வந்தபோது இந்த அறிவும் வீட்டு மூலையில் முடங்கிவிட்டது. காட்டின் ஓரத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கொக்கையும் நாரையையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுகிறார்கள். இதனால் மொழி மட்டும் நட்டப்படுவதில்லை. கிந்தாவின் பழைய குட்டைகளைச் சுற்றி மணல் எடுப்பும் மீன் வளர்ப்பும் வீடமைப்பும் பெருகிவருகின்றன. என்ன பறவை, எத்தனை கூடு, எந்த மாதம் என்ற கணக்கு இல்லாவிட்டால், அதிகாரியின் மேசையில் அது வெறும் பாழ்நிலம்தான். கணக்கு இருந்தால் பேச ஓர் ஆதாரம் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையின் நோட்டுப்புத்தகமும் அந்த ஆதாரத்தில் சேரும்.

பெற்றோர்களே, இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம், கல்வி அமைச்சின் ஒத்துழைப்போடு 1991 முதல் பள்ளிகளில் ‘கெலாப் பெஞ்சிந்தா ஆலாம்’ மன்றங்களை நடத்திவருகிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தொடங்கச் சொல்லி ஆசிரியரிடம் பேசுங்கள்.

குளத்துக்குப் போவதானால் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். தொப்பி, தண்ணீர், ஒரு சாதாரணத் தொலைநோக்கி போதும். கூடுகளை நெருங்க வேண்டாம். ஈயக்குட்டையின் கரை சரியும், ஆழமும் தெரியாது. அதனால் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள். முடிந்தால் தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவையோ பாட்டியையோ காரின் முன் இருக்கையில் உட்காரவைத்து அழைத்துப் போங்கள். பறவைகளின் பெயர்களை அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.